பயணப் பல்லாங்குழி செய்து விற்க நினைக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பல்லாங்குழியைப் பைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருக்கி, கன்னியாகுமரிக்கு வருகிறவர்களிடம் விற்கலாம் என்று கிளம்பினேன். இருபது மாதம் போனது. கையிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் ரூபாய் போனது. வேலைகளைச் சரியான வரிசையில் செய்திருந்தால் எட்டு மாதத்தில், பாதிப் பணத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முதல் மாதிரி எப்படித் தோற்றது தெரியுமா? இரண்டு பாதிப் பலகை, நடுவில் கீல், மூடினால் ஒட்டிக்கொள்ள விளிம்பில் காந்தம். காய்கள் குழிகளுக்குள்ளேயே இருக்கும். பார்க்க அழகுதான். நாகர்கோவில் ஜங்ஷனில் இரவு வண்டி ஏறி, வள்ளியூர் தாண்டுவதற்குள் பெருமையாகப் பலகையை எடுத்துத் திறந்தேன். காந்தம் விடுபட்ட வேகத்தில் எழுபது மஞ்சாடி விதைகளும் சிதறி, சைடு பெர்த்துக்கு அடியில், எதிர் சீட்டுக்காரர் செருப்புக்குள், தண்ணீர் சிந்திக் கிடந்த நடைபாதையில் என்று எங்கும் ஓடின. திருநெல்வேலி வரும்வரை பொறுக்கியும் ஐம்பத்து மூன்றுதான் கிடைத்தது. வீட்டுத் திண்ணையில் ஒழுங்காக ஆடிய பலகை ரயிலில் ஒரு நிமிஷம் தாங்கவில்லை.

1. எந்த ஆட்டம் என்று முடிவு செய்யுங்கள்

கையில் பணம் குறைவு, இதுதான் முதல் முயற்சி என்றால் ஆடுபுலி ஆட்டத்தை எடுங்கள். கோடு போட்ட ஒரு துணி, மூன்று புலி, பதினைந்து ஆடு, அவ்வளவுதான் வேலை. தாயம் சுலபம் போலத் தெரியும். ஆனால் ஓடும் வண்டியில் பித்தளைத் தாயக்கட்டை உருண்டு கீழே விழும், விழாவிட்டால் சத்தம் போடும். கட்டையை உருட்ட ஒரு சின்னத் தட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பரமபதத்தை அச்சடித்த தாளாகவே மலிவு விலையில் விற்கிறார்கள், அவர்களோடு நாம் போட்டி போட முடியாது.

பல்லாங்குழிதான் இருப்பதில் கஷ்டமானது. குழி என்றாலே ஆழம் வேண்டும், ஆழம் என்றால் கனம், கனம் என்றால் பை தாங்காது. ஆனால் பாட்டி வீட்டு ஞாபகத்தோடு மக்கள் விலை கேட்பதும் அதைத்தான். நான் அதை எடுத்தேன். கீழே வருவதெல்லாம் அதை வைத்துத்தான். மற்ற ஆட்டங்களுக்கும் 5-ஆம் படியிலிருந்து பெரும்பாலும் பொருந்தும்.

2. பலகையை விடுங்கள், காயிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் பலகையின் நீள அகலத்தில் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான். அது தப்பு. காய் என்ன என்று தெரியாமல் குழியின் அளவு தெரியாது, குழியின் அளவு தெரியாமல் பலகை தெரியாது.

புளியங்கொட்டை வீட்டிலேயே கிடைக்கும், செலவில்லை. ஆனால் பெரிது. சின்னக் குழியில் ஏழெட்டுக் கொட்டை போட்டாலே நிறைந்துவிடும். பல்லாங்குழியில் ஆட்டம் சூடுபிடித்தால் ஒரே குழியில் இருபது காய்கூடச் சேரும்.

சோழி கன்னியாகுமரிக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். அதுவும் பெரிது, தவிர வேறொரு சிக்கலும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் பட்டியலில் சில கடல் சங்கு வகைகளும் சில சோழி வகைகளும் இருக்கின்றன. எந்தச் சோழி என்று தெரியாமல் மூட்டையாக வாங்காதீர்கள், பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

குன்றிமணி? வேண்டவே வேண்டாம். சிவப்பும் கறுப்புக் கண்ணுமாகப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதற்குள் இருப்பது அப்ரின் என்ற கடும் விஷம். ஓடு உடையாமல் விழுங்கினால் தப்பிக்கலாம், கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகிற பொருளில் அதை வைக்கக்கூடாது. துளை போட்டது இன்னும் மோசம்.

மிஞ்சுவது மஞ்சாடி. எங்கள் பக்கம் மஞ்சாடி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாட்டு மருந்துக் கடைகளில் இதற்கே ஆனைக்குன்றிமணி என்றும் பெயர் இருக்கிறது. பெயரைச் சொல்லி வாங்கினால் இரண்டும் கலந்து வந்துவிடலாம். எனக்கு வந்தது. முழுக்கச் சிவப்பாக, கறுப்புப் புள்ளி இல்லாமல் இருந்தால்தான் மஞ்சாடி. வாங்கி வந்ததும் வெள்ளைத் துணியில் கொட்டி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு காய் கால் கிராம்தான் இருக்கும், எழுபது காயும் சேர்ந்தால் இருபது கிராம்கூட வராது. பைக்குள் போகிற பொருளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு குழிக்கு ஐந்து வீதம் பதினான்கு குழிக்கு எழுபது காய். நான் பத்து உபரியாகச் சேர்த்து எண்பது கொடுக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்று வாங்குவார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி நாடுகளில் விதை எதுவானாலும் விமான நிலையத்தில் சொல்லியாக வேண்டும், பெரும்பாலும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்காகக் கண்ணாடி மணி போட்ட பெட்டி நாலைந்து தனியாக வைத்திருங்கள்.

3. குழியின் அளவும் மடிப்பும்

மஞ்சாடிக்கு நான் கடைசியில் வந்து நின்ற அளவு: குழியின் வாய் 36 மி.மீ., ஆழம் 14 மி.மீ., அடிப்பாகம் கிண்ணம் போல வளைவு. விளிம்பு மட்டத்துக்கு இருபத்தைந்து காய் பிடிக்கும். அடிப்பாகம் தட்டையாக இருந்தால் கடைசி இரண்டு காய் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும், நகத்தால் நோண்ட வேண்டியிருக்கும். மூன்று விரல் சேர்த்து ஒரே வழிப்பில் காய் கையில் வர வேண்டும். உங்கள் விரலை மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள், தடித்த விரல்காரர் ஒருவரையும் வழிக்கச் சொல்லுங்கள். என் முதல் அளவு 30 மி.மீ., என் சித்தப்பா விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “இது எறும்புக்குச் செஞ்சதா மக்கா?” என்று கேட்டார்.

ஏழு குழி, ஒன்றுக்கொன்று 5 மி.மீ. இடைவெளி, இரண்டு முனையிலும் 19 மி.மீ. வைத்தால் ஒரு பாதியின் நீளம் 320 மி.மீ. வரும். அகலம் 65, தடிமன் 20. மூடினால் 40 மி.மீ. தடிமனில் ஒரு நீளப் பெட்டி.

நீளத்தைப் பார்த்ததும் குறுக்காக மடித்தால் என்ன என்று தோன்றும். முடியாது. ஏழு ஒற்றைப்படை, நடுவில் மடித்தால் நான்காவது குழி இரண்டாகப் பிளக்கும். இதைப் பலகை அறுத்த பிறகு கண்டுபிடித்தவன் நான். இரண்டு வரிசைக்கும் நடுவில் நீளவாக்கில் மட்டுமே மடிக்கலாம்.

மாதிரிக்கு மரம் வேண்டாம். செருப்பு தைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் கெட்டியான ஈவா (நுரை) ஷீட் கிடைக்கும். வட்டத் துளை வெட்டி இரண்டு அடுக்காக ஒட்டினால் குழி தயார். முந்நூறு ரூபாய்க்குள் மூன்று அளவு செய்து பார்க்கலாம். நான் இதைச் செய்யாமல் நேரே மரத்துக்குப் போய் நாலாயிரம் ரூபாயைத் தொலைத்தேன்.

4. ஓடும் வண்டியில் ஆடிப் பாருங்கள்

மேசையில் வைத்து ஆடிப் பார்ப்பது சோதனையே இல்லை. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் பஸ்ஸில் மடியில் வைத்து ஒரு முழு ஆட்டம் ஆடுங்கள். தக்கலை தாண்டி மார்த்தாண்டம் வரைக்குமான வளைவும் பிரேக்கும் போதும், குறை எல்லாம் வெளியே வந்துவிடும். அப்புறம் ஒரு இரவு ரயில் பயணம். இந்த இரண்டிலும் நான் கற்றவை:

காயைப் பலகைக்குள் வைத்து மூடாதீர்கள். என் காந்தப் பலகையின் கதையைத்தான் மேலே படித்தீர்களே. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பைதான் எனக்கு விடை கொடுத்தது. ஒரு பலகைக்கு இரண்டு சுருக்குப்பை. ஆட்டம் தொடங்கும்போது அதிலிருந்து காய் எடுத்து நிரப்புவது, ஆடும்போது ஜெயித்த காயை அதற்குள் போடுவது. ஜெயித்த காயை வைக்கத் தரை இல்லாத இடத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது ஆடிப் பார்த்தால் தெரியும். பைகளின் கயிற்றாலேயே மூடிய பலகையைச் சுற்றிக் கட்டிவிடலாம். காந்தச் செலவும் மிச்சம்.

பலகை வழுக்கும். ரயிலின் ஜன்னலோர மேசையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அரை விரல் நகரும். பின்பக்கம் முழுக்க ஃபெல்ட் துணி ஒட்டினேன். பின்பக்கத்தில் ஆடுபுலிக் கட்டம் வரையலாம் என்று தோன்றியதும் ஃபெல்ட்டைப் பிய்த்துவிட்டு, நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் பொத்தான் வைத்தேன். ஒரே பலகையில் இரண்டு ஆட்டம்: ஆட்டுக்குப் பதினைந்து மஞ்சாடி, புலிக்கு மூன்று புளியங்கொட்டை.

குழிக்குள் வெல்வெட் ஒட்டச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். பார்க்க நகைப்பெட்டி போல இருக்கும். ஆறு மாதத்தில் முறுக்குத் தூளும் தலைமுடியும் சேர்ந்து பார்க்கச் சகிக்காது.

கீல் பித்தளையாக இருக்கட்டும், திருகாணியும் பித்தளை. கடல்காற்று படும் ஊர் நம்முடையது. இரும்புத் திருகாணி ஒரு மழைக்காலத்தில் துருவேறி மரத்தில் கறையை இறக்கிவிடும்.

5. விதித்தாள்

இதை ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் பிடித்தது. பல்லாங்குழிக்கு வீட்டுக்கு வீடு விதி வேறு. குழிக்கு ஐந்தா, ஆறா, பன்னிரண்டா என்பதிலேயே என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சண்டை. ஒரு விதியைத் தேர்ந்தெடுத்து முழுதாக எழுதுங்கள், மற்றதை “சில வீடுகளில் இப்படியும் ஆடுவார்கள்” என்று கீழே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

நான் எழுதியது: காயை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கையிலிருப்பது தீர்ந்தால் அடுத்த குழியை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்த குழி காலி என்றால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம், அதோடு உங்கள் முறை முடிந்தது. போகிற போக்கில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, அந்தக் குழி யார் பக்கமோ அவருக்கு.

எழுதி முடித்ததும், பல்லாங்குழியே தெரியாத ஒருவரிடம் தாளையும் பலகையையும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். எங்கே நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். என் தாளில் “தடவிவிட்டு” என்ற சொல்லுக்கு ஒரு கல்லூரிப் பையன் குழியில் எண்ணெய் தடவ வேண்டுமா என்று கேட்டான். படம் போட்டேன்.

தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சடியுங்கள். கன்னியாகுமரிக்கு வரும் கூட்டத்துக்கு இந்தியும் சேர்த்தால் நல்லது. நான் அதை இரண்டாம் அச்சில்தான் சேர்த்தேன்.

6. மரமும் மெருகும்

நம் மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் நிறைய, அதனால் ரப்பர் மரம் மலிவு. மலிவைப் பார்த்து நான் வாங்கியது பதப்படுத்தாத பலகை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதனால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் அதை விடாது. இரண்டு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் பத்துப் பலகைக்கு அடியிலும் மைதா கொட்டியது போல வெள்ளைத் தூள். ஆசாரி அண்ணன் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது மரம் இல்ல மக்களே, புழுவுக்கு வச்ச சோறு” என்றார். போரான் மருந்தில் ஊறவைத்துச் சூளையில் காயவைத்த ரப்பர் மரம் கிடைத்தால் வாங்கலாம். இல்லையென்றால் அயினி மரம். கொஞ்சம் விலை கூடும், ஆனால் பூச்சிக்குப் பயப்பட வேண்டாம். பழைய வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் அயினிப் பலகை நன்றாகக் காய்ந்தே இருக்கும். ஆணி ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் சிஎன்சி (கணினி இயக்கும் குடையும் இயந்திரம்) முனை உடைந்த காசையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

ஐந்து பலகைவரை கையாலேயே குடையச் சொல்லலாம். அதற்கு மேல் என்றால் குழியை சிஎன்சியில் குடைந்து, விளிம்பும் மெருகும் கைவேலையாக வைத்துக்கொள்ளுங்கள். சிஎன்சிக்காரரிடம் படத்தோடு ஒரு நிஜக் குழி மாதிரியையும் கொண்டுபோங்கள். “உருண்டை முனை” என்று சொல்லாவிட்டால் தட்டைக் குழிதான் வரும்.

மெருகுக்குத் தேன்மெழுகும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து தேய்க்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுப்பவர்களிடம் மெழுகு கேட்டால் கிடைக்கும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தேய்க்காதீர்கள், அது உலராது, பிசுபிசுப்பில் காய் ஒட்டும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

7. யாருக்கும் காட்டுவதற்கு முன்

இந்தப் படியை மட்டுமாவது கவனமாகப் படியுங்கள்.

பல்லாங்குழிக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3 ஆட்டம் ஆடும் முறையையும் பாரம்பரிய அறிவையும் கண்டுபிடிப்பு அல்ல என்று ஒதுக்கிவிடுகிறது. “பேட்டன்ட் எடுத்துத் தருகிறேன், முப்பதாயிரம் ஆகும்” என்று யாராவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நீங்கள் வாங்கக்கூடியது வடிவமைப்புப் பதிவு. வடிவமைப்புச் சட்டம், 2000-இன்படி பொருளின் தோற்றத்துக்குக் கிடைப்பது. தனிநபருக்குக் கட்டணம் 1000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும், இன்னும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். முன், பின், மேல், கீழ், இரண்டு பக்கம், சாய்கோணம் என்று படங்கள் வேண்டும். வெள்ளைப் பின்னணியில் ஒழுங்காக எடுத்தால் போதும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இதில் உள்ள பெரிய குழி இதுதான்: விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அந்த வடிவம் வெளியே தெரிந்திருக்கக் கூடாது. நான் என்ன செய்தேன்? முதல் நல்ல மாதிரி வந்த சந்தோஷத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம், போதாததற்கு ஒரு கண்காட்சியில் பன்னிரண்டு பலகை விற்பனை. நான்கு மாதம் கழித்து விண்ணப்பிக்கப் போனபோது, “நீங்களே இதைப் பழசாக்கிவிட்டீர்களே” என்றார் முகவர். வேறு வடிவத்துக்கு மாற்றலாம் என்றால், மீன் வடிவ மடக்குப் பலகைகள் ஏற்கனவே சந்தையில் இருப்பதால் அதையும் புதிது என்று காட்ட முடியாது. கடைசியில் இரண்டு முனையையும் வள்ளத்தின் அணியம் (படகின் முன்முனை) போல வளைத்து, புதிய வடிவமாக மாற்றி, வீட்டில்கூடக் காட்டாமல் விண்ணப்பித்தேன். ஆக, வரிசை இது: வண்டிச் சோதனை, விண்ணப்பம், அப்புறம் படம் போடுவது. பஸ்ஸில் சோதிக்கும்போது ஈவா மாதிரியையே கொண்டுபோங்கள், இறுதித் தோற்றம் வெளியே தெரிய வேண்டாம்.

8. பொம்மையா, கைவினைப் பொருளா?

2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருள் என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) உரிமமும் ஐஎஸ்ஐ முத்திரையும் வேண்டும். நம்மைப் போல மாதம் நாற்பது பலகை செய்பவருக்கு அந்தச் செலவு கட்டாது.

“14 வயதுக்கு மேற்பட்டோருக்கு” என்று பெட்டியில் அச்சடித்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். போதாது. குழந்தைகளுக்கு மட்டுமே ஆனதாக இருக்க வேண்டியதில்லை, அவர்களும் விளையாடுவதற்காகச் செய்ததாக இருந்தாலே ஆணைக்குள் வந்துவிடும். பெட்டியில் குழந்தை படத்தைப் போட்டுவிட்டு ஓரத்தில் 14+ என்று எழுதுவது யாரையும் ஏமாற்றாது.

நேர்வழி ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்கும் பொருளுக்கு அந்த ஆணையிலிருந்து விலக்கு உண்டு. அந்தப் பதிவுக்குக் கிடைப்பதுதான் பெஹ்சான் அட்டை. கட்டணம் இல்லை. ஆதார், வங்கிப் பாஸ்புக், புகைப்படம், மொபைல் எண் கேட்பார்கள். உண்மையில் வேலை தெரியுமா என்றும் பார்ப்பார்கள். எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. “செய்து விற்கும்” என்ற இரண்டு சொல்லையும் கவனியுங்கள். அட்டை ஆசாரி அண்ணன் பெயரில், பில்லும் லேபிளும் உங்கள் பெயரில் என்றால் விலக்கு யாருக்கு? நாங்கள் எல்லாவற்றையும் அவர் பெயருக்கே மாற்றினோம். அச்சடித்து வைத்திருந்த இருநூறு பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போனது.

எப்படியிருந்தாலும், காய் சிறிது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்ற வரியைப் பெட்டியில் பெரிதாகப் போடுங்கள்.

9. மற்ற காகிதங்கள்

உத்யம் (சிறுதொழில்) பதிவு: ஆதாரும் பானும் போதும், அரைமணி நேர வேலை, முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் போலி. முகவரி அரசுத் தளத்துக்குரிய “ஜிஓவி.இன்” என்று முடிகிறதா என்று பாருங்கள்.

பெட்டி லேபிள்: பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011-இன்படி தயாரிப்பவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, புகார் சொல்ல போன், மின்னஞ்சல் இருக்க வேண்டும். பொட்டலமிடத் தொடங்கி 90 நாளுக்குள் பதிவும் செய்ய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மாதத்தை அச்சில் சேர்க்காதீர்கள், ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

ஜிஎஸ்டி: பொருள் விற்பவருக்கு ஆண்டு வரவு 40 லட்சம் தாண்டும்வரை பதிவு தேவையில்லை என்பார்கள். சரிதான், ஆனால் நாம் இருப்பது எல்லையில். களியக்காவிளையைத் தாண்டி கேரளத்தின் பாறசாலையில் ஒரு கடைக்குப் பத்துப் பலகை கொடுத்தால் அது வெளிமாநில விற்பனை. அதற்கு வரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கேட்கும். சில கைவினைப் பொருட்களுக்குச் சலுகைப் பட்டியல் உண்டு, உங்கள் பொருள் அதில் வருமா என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். கேரளக்காரர் கன்னியாகுமரிக்கு வந்து நேரில் வாங்கிப் போனால், பில்லில் கேரள முகவரி எழுதாதவரை, இந்தத் தொல்லை இல்லை.

வணிகச் சின்னம்: ஆட்டப் பொருட்களுக்கு வகுப்பு 28. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் 4500 ரூபாய். “பல்லாங்குழி” என்ற சொல்லை மட்டும் கேட்டால் கிடைக்காது, அது பொருளின் பெயர். அவசரமில்லை, முதல் நூறு பலகை விற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடன் வேண்டுமென்றால் நாகர்கோவிலில் கோணம் பகுதியில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். காலையிலேயே போங்கள், எல்லா நகலும் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள்.

10. விலை போடுவது

ஐம்பது பலகை சேர்த்துச் செய்தபோது ஒன்றுக்கு எனக்கு ஆனது: மரம் 110, சிஎன்சி 140, தேய்ப்பும் மெருகும் 120, கீல் 30, மஞ்சாடி 25, சுருக்குப்பை இரண்டும் 40, விதித்தாள் 12, பெட்டி 28. மொத்தம் 505 ரூபாய்.

எம்ஆர்பி 950 வைத்தேன். கடைக்காரர் 35 சதவீதம் கேட்டால் 332 ரூபாய் போகிறது. மிச்சம் 618. செலவு போக 113. பழுதான பலகை, வண்டிச் செலவு, காகிதச் செலவு எல்லாம் அதற்குள். முதலில் நான் 700 வைத்திருந்தேன், ஒவ்வொரு பலகைக்கும் கையிலிருந்து ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன் என்பதே மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கடைப் பங்கைக் கழித்துவிட்டு விலை போடுங்கள்.

“சரக்கை வச்சிட்டுப் போங்க, வித்ததும் தரேன்” என்பார்கள். வைக்கலாம். எத்தனை பலகை, என்ன விலை, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் வைக்காதீர்கள். ஒரு கடையில் இருபது வைத்தேன், வாங்கியதே பன்னிரண்டுதான் என்கிறார்கள் இன்றுவரை.

கூரியரில் பெட்டியின் அளவுக்கும் காசு உண்டு. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 34 × 9 × 6 பெட்டி அரைக் கிலோவுக்குள் அடங்கும். அழகுக்காக 38 × 20 × 12-இல் செய்தால் கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்குப் பணம் கட்டுவீர்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்று.

11. எந்த மாதத்தில் என்ன

நமக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனிலிருந்து தென்மேற்கு, அக்டோபரிலிருந்து வடகிழக்கு. மழைக்காலத்தில் அறுத்த பலகை முறுக்கும், மெருகு உலர இரட்டை நாள் ஆகும். மர வேலையை ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள் முடியுங்கள். வடிவமைப்பு விண்ணப்பம், பெஹ்சான் எல்லாம் அதே சமயம் ஓடட்டும். ஜூன், ஜூலையில் பை தைப்பது, அச்சு வேலை. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்கள் வரத் தொடங்கினால் மகரவிளக்கு வரை கன்னியாகுமரியில் கூட்டம் குறையாது. ஐப்பசி கடைசிக்குள் சரக்கு கடையில் இருக்க வேண்டும். நான் மார்கழி பாதியில் கொண்டுபோனேன், ரேக்கில் இடமே இல்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்காருகிற குடும்பம்தான் நம் ஆள். அதனால் படகுத்துறைப் பக்கத்துக் கடையைவிட பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு அதிகம் விற்றது.

விற்ற பிறகு வரும் முதல் போன் காய் தொலைந்தது பற்றித்தான் இருக்கும். இருபது மஞ்சாடி போட்ட சின்னப் பொட்டலங்களைத் தயாராக வைத்திருங்கள். நான் சாதாரணத் தபால் உறையில் போட்டு அனுப்புகிறேன், காசு வாங்குவதில்லை. உறையில் அனுப்பும்போது காய்களை ஒரு அட்டையில் பரப்பி டேப் ஒட்டுங்கள். சும்மா போட்டால் தபால் முத்திரை குத்தும்போது உறை கிழிந்து, காலி உறைதான் போய்ச் சேரும்.